அப்பாவின் காரும் நான் போட்ட மெருகும்

எங்கள் கார் பானெட்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், "அடாடா, எங்கே இடித்தீர்கள்?" என்று விசாரிக்கிறார்கள். "இடிக்கவில்லை, பாலிஷ் போட்டேன்" என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நீங்களாவது நம்புங்கள். உங்களில் யாருக்காவது என்றைக்காவது அந்த ஆசை வந்தால், நான் பட்ட அவஸ்தை உங்களுக்கு உதவட்டும்.

அது அப்பாவின் கார். 1985-ஆம் வருஷத்துக் கருநீலப் பிரிமியர் பத்மினி. அப்பா இருந்தவரை, தினமும் காலைக் காப்பி ஆனதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அதைத் துடைக்கப் போய்விடுவார். "பெற்ற பிள்ளைகளைக்கூட இப்படி ஒருநாள் துடைத்ததில்லை" என்பாள் அம்மா. அவருக்குப் பிறகு கார் என்னிடம் வந்தது. அம்மாவுக்கு எண்பது நிறைகிற அன்று, அவளை அதிலேயே கோவிலுக்கு அழைத்துப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் வெயிலில் நிறுத்திப் பார்த்தால், வண்டி முழுவதும் சிலந்தி வலை பின்னினாற்போல் மெல்லிய வட்டக் கோடுகள்!

"கையால் தேய்த்தால் உன் தோள்பட்டைதான் தேயும்" என்று சொல்லி, என் வீட்டுக்காரர் தெரிந்த ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு பாலிஷ் மெஷினை இரவல் வாங்கி வந்தார். நல்ல கனம். போட்டவுடன் விர்ரென்று சுற்றியது. பத்தே நிமிஷத்தில் பாதி பானெட்டில் என் முகம் தெரிந்தது! முகம் தெரிந்த சந்தோஷத்தில் புத்தி போய்விட்டது. "ஓரத்தில் இன்னும் கொஞ்சம்" என்று அழுத்தினேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். நீலம் போய்ச் சாம்பல் நிறப் பிரைமர் வெளியே வந்து என்னைப் பார்த்தது.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா அத்தனை வருஷம் காப்பாற்றியதை நான் ஒரு நிமிஷத்தில் தொலைத்துவிட்டேனே!

அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்துக்கொண்டேன். பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்றல்லவா நினைத்திருந்தேன்? இல்லை, அது சுரண்டுவது. கீறலுக்கு இரண்டு பக்கமும் உள்ள பெயிண்டைத் தேய்த்துக் கீறலின் மட்டத்துக்குக் கொண்டு வருகிறோம், கோடு மறைகிறது. இப்போது வரும் கார்களில் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் நாம் தேய்க்கக்கூடிய நிறமற்ற மேல்பூச்சு 40, 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது! ஓரங்களிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெலிந்திருக்கும். தேங்காய் துருவுகிறோம், ஓடு நெருங்கினால் கை தானாக நிற்கவில்லையா? அந்த நிதானம் இதற்கும் வேண்டும்.

மெஷினில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. நான் பிடித்தது ரோட்டரி. அது ஒரே அச்சில் சுற்றும். ஒரே இடத்தில் சூடு ஏற்றும். பட்டுப் புடவை மேல் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும். கை பழகியவர்களுக்கு உரியது அது. இன்னொன்று டூயல் ஆக்ஷன். அதன் தட்டு சுற்றிக்கொண்டே சிறிது ஆடவும் செய்யும். சூடு ஒரே இடத்தில் சேராது. அதிலும், அதிகம் அழுத்தினால் சுற்றாமல் நின்றுவிடுகிற ரகம் இருக்கிறது. நம்மைப் போன்ற புதியவர்களுக்கு அதுவே உத்தமம். 5 அங்குலத் தட்டு கைக்கு அடக்கமாக இருக்கும். அதில் பொருத்தும் பஞ்சை நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் நிறம் வேறு. மிருதுவானதா, முரடானதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை நாளன்று வண்டியை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் நிறுத்துங்கள். ஒரு மணல் துகள் மிஞ்சினாலும் மெஷினே அதை வைத்துக் கோலம் போட்டுவிடும். ஓரங்கள், மடிப்புகள், ரப்பர் பட்டைகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மிருதுவான பஞ்சு, லேசான பாலிஷ் மருந்து இரண்டையும் கொண்டு முதலில் ஒரு சிறு இடத்தில் தேய்த்துப் பாருங்கள். அதுவே போதுமென்றால் முரடானதைத் தொடவே தொடாதீர்கள்.

பஞ்சில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு மருந்து போதும். பஞ்சை வண்டி மேல் வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். அணைத்து நின்ற பிறகே எடுங்கள். இல்லாவிட்டால் மருந்து சுவரிலும் உங்கள் முகத்திலும் தெறிக்கும். மெஷினில் 1 முதல் 6 வரை வேகம் இருந்தால், பரப்புவதற்கு 1 அல்லது 2. தேய்ப்பதற்கு 4 அல்லது 5. இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, தட்டைச் சாய்க்காமல், வினாடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக நகர்த்துங்கள். அவ்வப்போது மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பாருங்கள். தொட்டால் சுடுகிறதா? நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் ஜாக்கிரதை. அதில் சூடு சட்டென்று இறங்காது.

இன்னொன்று: மேல்பூச்சு உள்ள காரில் வண்டியின் நிறம் பஞ்சில் ஏறினால், பூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்களுடையதைப் போன்ற மேல்பூச்சில்லாத பழைய பெயிண்டிலோ நிறம் முதலிலிருந்தே வரும். அங்கே அந்த எச்சரிக்கையும் கிடையாது. உங்கள் நிதானம்தான் காவல்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டையாக முடிந்து, சங்கிலியையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு மெஷினைத் தொடுங்கள். சுற்றுகிற தட்டுக்குத் தாட்சண்யம் தெரியாது. மின்சார ஒயர் தோளுக்குப் பின்னால் போகட்டும். கண்ணாடி அணியுங்கள். ஈரத் தரையில் நிற்காதீர்கள். பஞ்சு மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இதெல்லாம் கற்ற பிறகு, ஒரு டூயல் ஆக்ஷன் மெஷின் வாங்கி மிச்ச வண்டியை நிதானமாக முடித்து, மெழுகும் பூசினேன். பிறந்த நாளும் வந்தது. அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நேராக அந்தத் திட்டில் போய் விரலை வைத்தாள். நான் குற்றவாளி மாதிரி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அம்மா சிரித்துவிட்டாள். "இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கே? நீ அழிச்சியே அந்தக் கோடெல்லாம், அது யார் போட்டதுன்னு நினைச்சே? உங்க அப்பா துண்டுதான்! தூசியோட துடைக்காதீங்க, தண்ணி ஊத்திட்டுத் துடைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டால்தானே?"

அம்மா சொன்னது சரிதான். தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்தால் அந்தத் தூசியே கீறும். அப்பாவின் பிரியமே வண்டியைக் கீறியிருக்கிறது. என்னுடைய பிரியம் ஒரு படி மேலே போய்ச் சுட்டிருக்கிறது.

திட்டுக்குப் பெயிண்ட் வைத்து மூட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா உட்கார்ந்து ஓட்டிய பக்கத்துக் கதவு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதை மெஷினால் தொடவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதோடு சரி. வெயில் படும்போது அந்த வட்டக் கோடுகள் அப்படியே தெரிகின்றன. தெரியட்டும்.