திரும்பி வர வழி உண்டா?

பேராவூரணித் தென்னந்தோப்புகளைத் தாண்டி, சேதுபாவாசத்திரம் கடற்கரையில் போய் நில்லுங்கள். எதிரே பாக் நீரிணை, அக்கரையில் யாழ்ப்பாணம். "இவ்வளவு கிட்டவா!" என்கிறீர்களா? கிட்ட இருப்பது வேறு, போய்ச் சேருவது வேறு!

தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலை 1964-ம் வருஷப் புயல் நிறுத்தியது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலை 1980-களில் உள்நாட்டுப் போர் நிறுத்தியது. 1990-ல் நின்ற யாழ்ப்பாண ரயில், 2014-ல்தான் திரும்ப வந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 சாலையை மூடியதும், யாழ்ப்பாணத்தார் கப்பலையும் விமானத்தையுமே நம்ப வேண்டியதாயிற்று. 2022-ல் போர் இல்லை, பெட்ரோலும் இல்லை! வண்டிகளெல்லாம் நாள் கணக்கில் வரிசையில் நின்றன.

2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் ஆரம்பமாயிற்று. சில நாட்களிலேயே பருவமழை குறுக்கிட்டது. மறுபடி ஓட 2024 ஆகஸ்டு ஆயிற்று.

ஆகவே சகோதரிகளே, உறவினர் வீட்டுக் கல்யாணமேயானாலும், மூட்டை கட்டுமுன் கப்பல் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். விமானத்தையும் விசாரித்து வையுங்கள். பாஸ்போர்ட் பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் தனியாக இருக்கட்டும். ஊரில் கலவரம் என்றால், வேடிக்கை பார்க்கக்கூட வாசலைத் தாண்டாதீர்கள்.

போக ஒரு வழி போதும்; திரும்ப இரண்டு வழி வேண்டும்!