துப்பாக்கி ரிப்பேருக்கு ஒரு காலேஜ்!

பைக் கார்புரேட்டரை வீடியோ பார்த்தே கழற்றி மாட்டின ஆளா நீங்க? மிக்ஸி, செல்போன், சைக்கிள் கியர் எதுவானாலும் முதல்ல யூடியூப், அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் என்கிற ரகமா? அப்படின்னா அமெரிக்காவில் உங்களை மாதிரியே ஒரு பெரிய கூட்டம் இருக்கு. ஒரே ஒரு வித்தியாசம்தான். அவங்க மேஜை மேல கழற்றிப் போட்டிருப்பது ரைஃபிள்!

தாத்தா விட்டுப்போன பழைய வேட்டைத் துப்பாக்கி, ஏலத்தில் எடுத்த உலகப்போர் காலத்து ரைஃபிள் என்று ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கும். அதைத் துடைக்க, துரு எடுக்க, கட்டையைப் பாலிஷ் போட வீடியோ பார்த்துக் கத்துக்கறாங்க. சம்பளத்துக்காக இல்லை, சும்மா ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு.

'வீடியோவே இருக்கே, அப்புறம் காலேஜ் எதுக்கு?' என்று கேட்கத் தோணுதா? அதுக்குப் பதில் சொல்ல ஒரு ஊர் இருக்கு. பேர் டிரினிடாட். கிரிக்கெட் பிராவோ பிறந்த டிரினிடாட் இல்லைங்க, இது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கு. வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.

குன்னூர் உயரம், கோவில்பட்டி வெயில்!

டென்வரில் இறங்கி, தெற்கே போகிற ஐ-25 நெடுஞ்சாலையைப் பிடிச்சா சுமார் 320 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம். வலது பக்கம் முழுக்க மலை, இடது பக்கம் முழுக்கப் புல்வெளி. ஊருக்கு 20 கிலோமீட்டர் முன்னாடி 'லட்லோ' என்று ஒரு போர்டு வரும. இப்போ அங்கே நிறுத்த வேண்டாம், திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்.

டிரினிடாட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கு. நம்ம குன்னூர் உயரம்தான். ஆனால் தேயிலையும் கிடையாது, தூறலும் கிடையாது. காய்ந்த காற்று, கண்ணைக் கூசும் வெயில். மக்கள்தொகை சுமார் 8 ஆயிரம். ஊரின் பழைய தெருக்களில் செங்கல் பாவியிருக்காங்க. தெற்கே பார்த்தால் தலையைச் சீவிவிட்ட மாதிரி தட்டையான ஃபிஷர்ஸ் பீக் மலை. வடக்கே குன்றின் மேல் ஊர் பெயரையே பெரிய எழுத்தில் நட்டு வைத்திருக்காங்க.

19-ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் மாட்டு வண்டி கட்டிப் போன 'சான்டா ஃபே' பாதை இந்த ஊர் வழியாகத்தான் போச்சு. அப்புறம் ரயில் வந்தது, நிலக்கரிச் சுரங்கம் வந்தது. சினிமாவில் பார்க்கிற கௌபாய் போலீஸ் மாதிரி நிஜமாவே வாழ்ந்த பேட் மாஸ்டர்சன், 1882-ல் இந்த ஊரில்தான் மார்ஷலாக இருந்தார்.

இதெல்லாம் பழைய கதை. நாம வந்தது கேம்பஸைப் பார்க்க.

முதல் பாடம் அரம்!

டிரினிடாட் ஸ்டேட் காலேஜ் 1925-ல் ஆரம்பிச்சது. 1947-ல் இங்கே துப்பாக்கி வேலைக்கென்றே ஒரு பாடப்பிரிவு தொடங்கினாங்க. காரணம் சிம்பிள். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பினாங்க. அவங்க படிப்புச் செலவை அரசாங்கமே ஏத்துக்கும் என்று 1944-லேயே சட்டம் வந்தாச்சு. துப்பாக்கியைத் தவிர வேற எதையும் தொட்டுப் பழகாத பசங்களுக்கு, அதையே ஒரு தொழிலாக மாத்திக்கொடுத்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் இந்த கோர்ஸ்.

ஆரம்ப காலத்தில் இங்கே பாடம் நடத்தியவர் பி.ஓ.ஆக்லி. இந்தத் தொழிலில் அவர் பெயர் தெரியாதவங்க கிடையாது. அவருடைய பிரபலமான வேலை என்ன தெரியுமா? ராணுவ ரைஃபிள்களில் வேண்டுமென்றே அளவுக்கு மீறி மருந்து ஏத்தி, எது எப்போ வெடிச்சு உடையுது என்று சோதிச்சுப் பார்த்தது! 'ஜப்பான் சரக்கு, மட்டம்' என்று அமெரிக்கர்கள் ஒதுக்கி வைத்திருந்த அரிசாகா ரைஃபிள்தான் கடைசி வரை தாங்கி நின்னுச்சு. பேரைப் பார்த்து மார்க் போடக்கூடாது, சோதிச்சுப் பார்த்துத்தான் போடணும். அதுதான் ஆக்லி சொன்ன பாடம்.

சரி, வகுப்பில் என்னதான் சொல்லித் தர்றாங்க? உலோக வேலை, லேத், மரக்கட்டை செதுக்குவது, குழல் மாத்துவது, நிறம் ஏத்துவது எல்லாம் உண்டு. ஆனால் இந்தத் தொழிலின் அரிச்சுவடி அரம்தான். உங்க தெருவில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிச்ச அண்ணன் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. 'வைஸ்ல ஒரு இரும்புத் துண்டைக் கட்டி, கை வலிக்க வலிக்க ராவினேன்டா' என்பார். உலகம் முழுக்க அதே கதைதான். ராவின பக்கம் தட்டையா இருக்கா, மூலை 90 டிகிரியா இருக்கா என்று மட்டம் வச்சுப் பார்த்து, வெளிச்சம் கசிந்தால் திரும்ப ராவச் சொல்வாங்க.

வீடியோவில் இதே வேலை 2 நிமிஷத்தில் முடிஞ்சுடும். பின்னணியில் கிடார் மியூசிக் வேற!

கேசட்டில் வந்த வாத்தியார்

வீடியோவை மட்டம் தட்டுவதாக நினைக்காதீங்க. அதுக்கும் ஒரு நல்ல சரித்திரம் இருக்கு. கலிஃபோர்னியாவின் லாசன் காலேஜிலும் டிரினிடாட் மாதிரியே ஒரு துப்பாக்கித் தொழில் கோர்ஸ் நடந்தது. அங்கே பாடம் நடத்திய ராபர்ட் டன்லப், 1990-களில் தன் பாடங்களை வீடியோ கேசட்டில் பதிவு செய்ய ஆரம்பிச்சார். காலேஜுக்கு வர முடியாத விவசாயி, லாரி டிரைவர் எல்லாரும் வீட்டு டி.வி.யிலேயே பாடம் கேட்டாங்க. 1939-ல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய பிரவுனெல்ஸ் என்ற உதிரிபாகக் கடை, மிட்வே கடையின் முதலாளி லாரி பாட்டர்ஃபீல்ட் எல்லாம் அடுத்தடுத்து வீடியோவுக்கு வந்தாங்க. பாட்டர்ஃபீல்ட் நிதானமா, வாத்தியார் மாதிரி பேசிக்கிட்டே ஒரு உடைஞ்ச கட்டையை ஒட்டிக் காட்டுவார். துப்பாக்கியே பிடிக்காதவங்க கூட உட்கார்ந்து பார்ப்பாங்க. அவ்வளவு சுத்தமான வேலை.

2018 மார்ச்சில் யூடியூப் ஒரு கோடு போட்டது. துப்பாக்கியையே தயாரிக்கச் சொல்லித் தரும் வீடியோவுக்குத் தடை. சுத்தம் பண்ணுவது, பராமரிப்பது பற்றிய வீடியோக்கள் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

அந்த வீடியோக்களில் நிஜமாவே நல்ல விஷயம் உண்டு. உதாரணமா மூணு.

* சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமா விடாதே, முடிஞ்சவரை பின்பக்கமா விடு. குண்டு கடைசியாக விட்டுப் பிரிவது குழல் வாயின் விளிம்பைத்தான். அந்த விளிம்பில் கம்பி உரசித் தேய்ந்தால் குறி தப்பும்.

* திருகின் பள்ளத்தில் அச்சாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான். 'இதுவே போதும்' என்று வீட்டு ஸ்க்ரூ டிரைவரை வச்சால் நூறு வருஷத் திருகின் தலை ஒரு திருப்பில் போச்சு.

* துருவைத் துருவாலேயே தடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய இரும்பில் மெல்லிய அமிலம் தடவி, வேண்டுமென்றே சிவப்புத் துரு பிடிக்க வைப்பாங்க. அதைக் கொதிக்கிற தண்ணியில் போட்டால் கருநிறப் படலமாக மாறிடும். தேய்ச்சுட்டுத் திரும்பத் தடவி, திரும்பக் கொதிக்க வைத்து, பல நாள் செய்தால் பழைய துப்பாக்கிகளில் பார்க்கிற அந்த நீலக் கறுப்பு வரும். கெமிஸ்ட்ரி லேபில் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நாமளும் பாஸாகியிருப்போம்!

வீடியோ பேசாத இடம்

அப்போ எங்கேதான் இடிக்குது? வீடியோ உங்களுக்குச் செய்து காட்டும். நீங்க செய்ததை அது பார்க்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு ரைஃபிளில் குழலை மாத்தினால், தோட்டா உள்ளே உட்காரும் ஆழத்தை அளக்கணும். அதுக்கு 'கோ', 'நோ-கோ' என்று இரண்டு இரும்பு அளவுகோல் இருக்கு. 'கோ' போட்டால் போல்ட் மூடணும். 'நோ-கோ' போட்டால் மூடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. கைக்கு மட்டும் தெரியும்.

தப்பினால் என்ன ஆகும்? கார் டயரில் காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் இருக்கும். அமெரிக்க ராணுவத்துக்காக 1906-ல் வந்த .30-06 என்ற தோட்டா வெடிக்கும்போது உள்ளே வரக்கூடிய அழுத்தம் 60 ஆயிரம் பவுண்டு வரைக்கும். கணக்குப் போடுங்க, 2,000 மடங்கு! அது வெடிக்கிற இடம் சுடுகிறவரின் கன்னத்திலிருந்து சில அங்குலம் தள்ளி. அளவு தப்பி தோட்டாவின் பித்தளை கிழிஞ்சால், அந்த வாயு பின்னாடி முகத்துக்கு வரும். மிக்ஸியைத் தப்பா மாட்டினால் சட்னி வராது. இங்கே தப்பா மாட்டினால் கண் போகும்.

அதனால்தான் வகுப்பில் ஒவ்வொரு வேலையையும் வாத்தியார் கையில் வாங்கிப் பார்க்கிறார். பொழுதுபோக்குக்காகச் செய்கிறவங்களும் இதைப் புரிஞ்சு வச்சிருக்காங்க. டிரினிடாட்டில் கோடை விடுமுறையில் அவங்களுக்காகவே குறுகிய கால வகுப்புகள் நடக்கும். ரிட்டயர்டு ஆசாமிகள், எஞ்சினீயர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு வருவாங்க. வீடியோ பார்த்தே பாதி கத்துக்கிட்டவங்கதான். மீதியைச் சரிபார்க்க ஒரு ஆள் வேணும் என்று தெரிஞ்சு வர்றாங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. அமெரிக்காவில் சொந்தத் துப்பாக்கியை வீட்டில் துடைச்சு மாட்ட லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அடுத்தவங்க துப்பாக்கியைத் தொழிலாக ரிப்பேர் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் கட்டாயம். ரிப்பேருக்கு வந்த துப்பாக்கி ஒரு ராத்திரி கடையில் தங்கினால், யார் கொடுத்தாங்க, எப்போ திருப்பி வாங்கினாங்க என்று பதிவேட்டில் எழுதணும்.

நம்ம ஊர் எப்படி என்கிறீங்களா? 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் செய்யும் தொழிலே நடத்த முடியாது. அதனால் வீடியோ பார்த்த ஜோரில் மாமாவின் தோட்டத்துத் துப்பாக்கியைக் கழற்றக் கிளம்பிடாதீங்க! ஆசை இருந்தால் என்.சி.சி.யில் சேருங்க. அங்கே .22 ரைஃபிளைச் சுட்டு முடிச்சதும், கயிற்றில் துணி கோத்து 'புல் த்ரூ' இழுத்துச் சுத்தம் செய்யக் கத்துத் தருவாங்க. பக்கத்தில் நின்னு பார்க்க ஒரு ஹவில்தார் இருப்பார். திட்டுவார்தான். அந்தத் திட்டு வீடியோவில் கிடைக்காது.

லட்லோவில் பத்து நிமிஷம்

இப்போ திரும்பும் வழி. வரும்போது விட்டுவிட்டு வந்த லட்லோ போர்டு ஞாபகம் இருக்கா? அங்கே வண்டியைத் திருப்புங்க.

வெட்டவெளி. ஒரு நினைவுச் சின்னம், ஒரு சுரங்கத் தொழிலாளி, கையில் குழந்தையோடு ஒரு பெண். கீழே இரும்புக் கதவு போட்ட ஒரு பள்ளம். 1913-ல் சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்களைக் கம்பெனி வீட்டை விட்டுத் துரத்தியது. அவங்க குடும்பத்தோடு இங்கே கூடாரம் அடிச்சுத் தங்கினாங்க. சுமார் 1,200 பேர். 1914 ஏப்ரல் 20 அன்று மாநிலப் படை இயந்திரத் துப்பாக்கியோடும் ரைஃபிளோடும் தாக்கியது. கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய பள்ளத்தில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி இறந்தாங்க.

தொழிலாளர் தலைவர் லூயிஸ் டிக்காஸ், கிரேக்க நாட்டுக்காரர். பிடிபட்ட அவருடைய தலையில் லெப்டினன்ட் லிண்டர்ஃபெல்ட் ரைஃபிளால் அடித்ததில், துப்பாக்கியின் கட்டையே உடைஞ்சு போச்சு. அப்புறம் டிக்காஸ் முதுகில் குண்டு பாய்ந்து பிணமாகக் கிடந்தார்.

உடைஞ்ச கட்டையை ஒட்ட 20 கிலோமீட்டரில் ஒரு காலேஜ் சொல்லித் தருது. பசை எது, எத்தனை மணி நேரம் இறுக்கிக் கட்டணும், கோடு தெரியாமல் எப்படிப் பாலிஷ் போடணும் எல்லாம் வீடியோவிலும் இருக்கு. அந்தக் கட்டை எதில் மோதி உடைஞ்சது என்று கேட்கிற பழக்கத்தை மட்டும் நாமாகத்தான் கத்துக்கணும்.

டிரினிடாட் போனால் கேம்பஸைப் பாருங்க, செங்கல் தெருவில் நடங்க, ஃபிஷர்ஸ் பீக்கில் ஏறுங்க. ஆனால் லட்லோவில் இறங்காமல் மட்டும் வந்துடாதீங்க!