ஏழு நிமிஷம்

"குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் தையல், கோலம், தூக்கம்தானே!" என்பவர்களுக்கு ஒரு சேதி. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றத்துக்குப் போகிறேன். 1924-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த மன்றம், பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டதென்னவோ 1973-ல்தான்!

அங்கே நான் தொண்டாகச் செய்வது நேரம் பார்க்கும் வேலை. ஐந்தாம் நிமிஷம் பச்சை விளக்கு, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. அதுவரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. நம் வீடுகளில் எந்தப் பெண்ணுக்கு இப்படி ஏழு நிமிஷம் கிடைக்கிறது?

போன மாதம் ஊர் வீட்டை விற்கும் பேச்சு வந்தது. பிள்ளைகள் ஆளாளுக்குப் பேசினார்கள். மாமியாரை யாரும் கேட்கவில்லை. "அத்தைக்கு ஏழு நிமிஷம் கொடுங்க. நடுவுல யாரும் பேசக்கூடாது" என்றேன்.

மாமியாருக்கு அரை நிமிஷமே போதுமாக இருந்தது. "விக்கிறதுன்னா வித்துக்கோங்கப்பா. அதுக்கு முன்னே அந்த முற்றத்துல ஒரு ராத்திரி படுத்துட்டு வரணும்."

வருகிற சனிக்கிழமை எல்லோருமாகப் போகிறோம்.

கலர் விளக்கெல்லாம் வேண்டாம், சகோதரிகளே. சுவர்க் கடிகாரம் போதும். உங்கள் வீட்டில் பேசாமலே இருப்பவர் யார் என்று கொஞ்சம் பாருங்கள்.