கொடாத முத்தம்

நற்பிட்டிமுனையில் எங்கள் வீட்டுக்கு முதற் பேரன் பிறந்து ஐந்து நாள்களே ஆகியிருந்தன. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் சூட்டும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அந்தி வேளையில் குழந்தையை முத்தமிடக் குனிந்தேன். மகள் சட்டென அதனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வாப்பா, குறை நினைக்காதீங்க. உங்கட உதட்டுக் கொப்புளம் ஆறட்டும்; பிறகு கொஞ்சுங்க” என்றாள்.

காய்ச்சல் தணிந்தபின் உதட்டோரத்தில் நான்கைந்து நீர்க்கொப்புளங்கள் எழுவது எனக்குப் பல்லாண்டு வழக்கம். உடற்சூடு என்றே எண்ணியிருந்தேன். வளர்த்த தகப்பனை அந்நியன்போல் விலக்குவதா என்று மனம் குமுறிற்று. அன்றிரவு சோறும் இறங்கவில்லை.

மறுநாள் வீடு தேடி வந்த மருத்துவமாதிடம், நியாயம் கேட்பவனைப்போல் நடந்ததைக் கூறினேன். அவரோ மகளின் பக்கமே நின்றார். அது வெறும் சூடன்று. ஹேர்ப்பீஸ் என்னும் வைரஸ் கிருமியின் வேலை என்று விளக்கினார்.

பெரும்பாலும் இளமையிலேயே தொற்றும் இக்கிருமி, புண் ஆறிய பின்னும் உடலை விட்டு நீங்குவதில்லை. முகத்தின் நரம்பு முடிச்சிற் பதுங்கியிருந்து, காய்ச்சலோ கடும் வெயிலோ மனக்கவலையோ நேரும்போது மீண்டும் உதட்டுக்கு வருகிறது. இதன் முதல் வகை, உலகில் 50 வயதுக்குட்பட்டோருள் ஏறக்குறைய 380 கோடிப் பேரிடம் 2020ஆம் ஆண்டில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆதலின் இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வளர்ந்தோருக்கு இது பெரும்பாலும் சிறு தொல்லையே. பிறந்து சில வாரங்களேயான சிசுவுக்கோ எதிர்ப்பாற்றல் போதாது. அரிதாயினும், ஈரலையும் மூளையையும் தாக்கி உயிரையே பறித்துவிடக்கூடும். காய்ச்சல், பால் குடியாமை, எழுப்பியும் எழாத சோர்வு, கொப்புளம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அசைக்ளோவிர் என்னும் மருந்தை நாளத்தின் வழியே விரைந்து ஏற்றினால் உயிர் காக்கும் வாய்ப்பு மிகும்.

தடுக்கும் வழிகளோ எளியவை. கொப்புளம் முற்றாக ஆறும்வரை எவரையும் முத்தமிடலாகாது. கோப்பையையும் துவாயையும் பிறரோடு பகிரலாகாது. புண்ணைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். அக்கையாற் கண்ணைத் தொடலாகாது. கொப்புளம் தோன்றாத காலத்தும் கிருமி வெளிப்படக்கூடும். ஆகையால் சிசுவின் முகத்தில் விருந்தினர் முத்தமிடாதிருத்தலே நன்று. மறைவிடத்திற் புண் கண்ட கர்ப்பிணியும் நாணத்தால் மறையாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். பேற்றின்போதும் கிருமி குழந்தையைச் சேரலாம்.

ஏழாம் நாள் உறவினர் திரண்டு வந்தனர். “பேரனைக் கொஞ்சல்லையா?” என்று ஒருவர் வினவினார். “என்ட உதட்டில புண். ஆறட்டும்” என்று எல்லார் காதிலும் விழும்படி கூறினேன். குழந்தையை வாங்கக் கை நீட்டியிருந்த மச்சான் ஒருவர், ஏதோ நினைவு வந்தவராய்க் கையைப் பின்வாங்கிக்கொண்டார். மகள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

பத்து நாள்களுக்குப் பின், காய்ந்த பொருக்கும் உதிர்ந்த பிறகு, பேரனின் பிஞ்சுப் பாதத்தில் என் முதல் முத்தத்தைப் பதித்தேன்.