முன்பாரமும் பின்பாரமும்

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளுள் ஒன்றில் நாம் குடியிருக்கிறோம். அங்கே ஒரு மோட்டார் வாகனத்தை நிறுத்துவதே பெரும்பாடு. அவ்வாறிருக்க, வாகனத்தோடு அதன் பின்னால் இழுபடும் பெட்டியொன்றையும் கொண்டுவந்து நிறுத்திய எம்மை அயலார் எக்கண்கொண்டு நோக்கியிருப்பர் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வாகனம் ஒரு பழைய லாண்ட் ரோவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் உழைத்துக் களைத்தது. வயதில் எமக்கு மூத்தது. 1948 ஆம் ஆண்டில் இவ்வகை வாகனம் முதன்முதல் வெளிவந்தபோது அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலமே இருந்தது. சில ஆண்டுகளின் பின் அது 88 அங்குலமாயிற்று. எம்முடையது அந்த 88 அங்குலக் கட்டையன். வளைவு நெளிவுள்ள தோட்டப் பாதைக்கு அக்கட்டையுடல் ஒரு வரம். பின்னால் ஒன்றைக் கட்டி இழுக்கும்போது அவ்வரமே சாபமாதலும் உண்டு என்பதை அன்று நாம் அறிந்திலோம்.

பெட்டியைக் கொட்டாஞ்சேனைப் பட்டறை ஒன்றிலே செய்வித்தோம். இரண்டு சில்லுகள், மேலே விரித்து மடிக்கும் கூடாரம், பின்கதவைத் திறந்தால் அடுக்களை. இழுக்கும் உருண்டையையும் அதைக் கவ்வும் கொளுக்கியையும் பஞ்சிகாவத்தையில் அரைநாள் அலைந்து பெற்றோம். ஐரோப்பிய உருண்டை 50 மில்லிமீற்றர்; அமெரிக்க உருண்டை இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எனினும் ஒன்றின் கொளுக்கியை மற்றதன் உருண்டைக்கு மாட்டினால் அது ஆட்டங்கண்டு ஒருநாள் கழன்றுவிடவுங்கூடும். இதனை மாத்திரம் நன்கு விசாரித்தே வாங்கினோம்.

பட்டறைக்காரர் ஒரு சொல் சொன்னார். “சேர், இந்தத் தண்டு கட்டை. இன்னும் ரெண்டடி நீட்டி விட்டால் நல்லம்.” எமது ஒழுங்கையின் அகலத்தை எண்ணி நாம் மறுத்துவிட்டோம். கல்லூரியிலே பௌதிகம் படிப்பிக்கும் எமக்கு இரும்பு ஒட்டுபவர் நெம்புகோல் தத்துவம் சொல்வதா என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கலாம். இப்போது மறைப்பானேன், இருந்தது.

சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு திருகோணமலைக்குப் புறப்பட்டோம். நிலாவெளியிலே கடலோரம் கூடாரமடித்துத் தங்குவது திட்டம். சமையற் பொருள்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டுமென்பது இல்லாளின் நியாயமான விருப்பம். ஆதலால், 20 லீற்றர்த் தண்ணீர்க் கான்கள் மூன்று, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, தேங்காய், அம்மிக் குழவி வரை யாவும் பின்கதவோரம் ஏறின. தலையணைகளும் பாய்களும் முன்புறம் போயின. பெட்டியின் மொத்தப் பாரம் ஏறத்தாழ 600 கிலோகிராம். வாகனத்தின் பாரத்தில் அது பாதிக்கும் குறைவு. புதிதாய் இழுப்போர் வாகனப் பாரத்தில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டலாகாது என்பது பிரித்தானியாவில் வழங்கும் அறிவுரை. நாம் அதற்கு எவ்வளவோ கீழே நின்றோம்; ஆகவே அச்சமற்றிருந்தோம்.

குருநாகலும் தம்புள்ளையும் கடந்தன. பெட்டி இருப்பதே தெரியவில்லையென்று நாம் பெருமைப்பட்டோம். உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. பெட்டி வாகனத்தின் வாலை அழுத்தவில்லை, மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தது.

ஹபரணைக்கு அப்பால், கல் ஓயாச் சந்தியையும் கடந்து, காட்டினூடே ஓர் இலேசான இறக்கம். வேகம் 70 கிலோமீற்றர் இருக்கும். பேருந்து ஒன்று எம்மை உரசினாற்போல முந்திச் சென்றது. அதன் காற்று பெட்டியை ஒரு தரம் தள்ளிற்று. பெட்டி இடப்புறம் சாய்ந்து, வலப்புறம் வந்து, மறுபடி முன்னிலும் அகலமாய் இடப்புறம் போயிற்று. நாம் சுக்கானை எதிர்ப்புறம் வெட்டினோம்; ஆட்டம் வளர்ந்தது. பிறேக்கை ஓங்கி மிதித்தோம். அதனிலும் பெரிய பிழை. எமக்குப் பின்னிருந்து மகள் “அப்பா!” என்று கூவியது மாத்திரம் நினைவிருக்கிறது. வாகனம் வீதிக்குக் குறுக்கே திரும்பி நின்றபோது, எதிரே வந்த லொறியொன்று பத்து முழத் தூரத்தில் நின்றிருந்தது. ஒருவருக்கும் கீறற்காயமும் இல்லை. ஆயினும் எமது கைகள் நடுங்கியது நிற்கக் கால்மணி நேரமாயிற்று.

அப்பொழுது இருசக்கர உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார், தம்பலகாமத்து வயற்காரர். இறங்கி எமது பெட்டியின் தண்டைக் கையால் தூக்கிப் பார்த்தார். அது இறகுபோல எழுந்தது.

“தம்பி, பின்பாரமாய் ஏத்திப் போட்டியள். இது மாடாயிருந்தால் வழியிலேயே கழுத்து நெரிஞ்சு விழுந்திருக்கும்.”

அவ்வளவே சொன்னார். எமக்கோ முகத்தில் அறைந்தாற்போலிருந்தது. வண்டிக்காரர் எவருக்கும் தெரிந்த காரியமன்றோ இது! பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்; நுகம் தூக்கும்; பூட்டாங்கயிறு எருதின் குரல்வளையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் எருதின் பிடரி நசியும். ஆகையால் முன்பாரம் சற்றே கூடியிருக்க ஏற்றுவது வழக்கம். எமது பாட்டனார் யாழ்ப்பாணத்தில் புகையிலை ஏற்றிய வண்டியிலே சிறுவயதில் இதைக் கண்ணாற் கண்டிருக்கிறோம். எருதுக்கு வலித்தால் அது நின்றுவிடும். இயந்திரம் வலியைச் சொல்வதில்லை.

முதியவரே முன்னின்று கான்களையும் அரிசியையும் அச்சுக்கு முன்னே மாற்றுவித்தார். இறக்கத்தில் பாரப்பெட்டி தள்ளும்போது தமது இயந்திரத்தின் குணமே தலைகீழாய் மாறும் என்றும் சொன்னார். சமதரையில் இடக்கைப் பிடியை அமுக்கினால் இடப்புறம் திரும்பும் இயந்திரம், அவ்வேளை வலப்புறம் திரும்புமாம். அது அறியாதவர்கள் வாய்க்காலிலே விழுந்தெழும்புவார்கள் என்று சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு திரும்பியபின் இதனை முறையாய் ஆராய்ந்தோம். கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்க. வாகனத்தின் பின் அச்சே ஆடுகால். பின்னால் நீளும் கொளுக்கியைப் பெட்டி பக்கவாட்டில் தள்ள, முன்சில்லுகள் மறுமுனையிலிருந்து தடுக்கின்றன. நெடிய வாகனத்தில் அத்தடுக்கும் முனை தூரத்திலுள்ளது. எமது கட்டையனுக்கோ 88 அங்குலந்தான். அன்றியும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேகவரம்பு உண்டு. அதற்குக் கீழே ஓடினால் ஆட்டம் தானே அடங்கும். அதற்கு மேலே ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெருகும். பின்பாரமும் கட்டைத் தண்டும் அவ்வரம்பைத் தாழ்த்திவிடுகின்றன.

கொளுக்கியிலே தங்கும் பாரம், பெட்டியின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை என்பது ஐரோப்பிய வழக்கு. 10 முதல் 15 வரை என்பது அமெரிக்க வழக்கு. நாம் இடையே 8 என்று வைத்துக்கொண்டோம். உடல்நிறை பார்க்கும் தராசின்மேல் மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் தண்டை வைத்தால் கணக்கு வந்துவிடும். கொளுக்கி எவ்வளவு தாங்குமென்பதையும் உடன் பார்த்தல் வேண்டும். எங்கள் தராசு இப்பொழுது 48 காட்டுகிறது. தண்டும் இரண்டடி நீண்டிருக்கிறது. பட்டறைக்காரர் ஒன்றும் கேளாமலே ஒட்டித் தந்தார். தண்டின் கீழே இரு சங்கிலிகளைக் குறுக்காய் மாட்டியும் விட்டார். கொளுக்கி கழன்றாலும் தண்டு வீதியிற் குத்தாமல் அவற்றின்மேல் தங்கும்.

இனி ஆட்டம் தொடங்கினால் செய்யவேண்டியதை மகளும் மனனமாய் ஒப்புவிப்பாள்: சுக்கானை நேரே பிடி, வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடு, பிறேக்கைத் தொடாதே. வேகத்தைக் கூட்டினால் நேராகும் என்பாரும் உளர். இறக்கத்திலே அதனை நம்ப எமக்குத் துணிவில்லை.

மீண்டும் இருமுறை நிலாவெளிக்குப் போய்வந்தோம். 60 கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. முந்துகின்ற பேருந்துக்கெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறோம். இல்லாள் சோறாக்க அரிசி எடுக்கவேண்டுமானால் பாய் தலையணை யாவும் இறங்கவேண்டும். அது குறித்த முறைப்பாடு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒன்று மாத்திரம் இற்றைவரை கைகூடவில்லை. பெட்டியைப் பூட்டியபடி ஒழுங்கைக்குள் பின்னோக்கிச் செலுத்தப் பலமுறை முயன்றோம். குட்டை வாகனம் இம்மென்பதற்குள் மடிந்து, கத்தியை மூடினாற்போல் நின்றுவிடுகிறது. ஆகையால் காலி வீதி முனையிலேயே பெட்டியைக் கழற்றிவிடுகிறோம். அயல்வீட்டுப் பையன்கள் நால்வர் ஆரவாரத்தோடு தள்ளிவந்து வாசலிற் சேர்க்கின்றனர். கூலி, ஆளுக்கொரு சோடாப் போத்தல்.