இமைக்கும் முன் இருளும் கண்ணாடி

மார்ச் மாத டாலர்னாவில் வெயில் இரண்டு பக்கமிருந்தும் அடிக்கும். வானத்திலிருந்து ஒரு முறை, தரையில் கிடக்கும் பனியில் பட்டுத் திரும்பி இன்னொரு முறை. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். சுவீடனின் நடுப்பகுதியில், ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே உள்ள மாகாணம் இது. ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதிய பெரும்பள்ளத்தின் விளிம்பில் இன்று சில்யான் என்ற ஏரி கிடக்கிறது. நான் போனபோது ஏரி முழுக்க உறைந்திருந்தது. லெக்சாண்ட் ஊரின் கரையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரைக் காடு வரைக்கும் ஒரே வெள்ளை. அந்த வெள்ளையின்மேல் பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் சறுக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் விடாமல் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, கண்ணாடி போடாமல் என்னை வாசல் தாண்ட விடவில்லை. "பகல்ல ஒண்ணும் தெரியாது. ராத்திரிதான் தெரியும்" என்று அவர் சொன்னதன் பொருள் இது. இதே வாக்கியத்தை நம் ஊர் கிரில் பட்டறைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, வெல்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வாயில் அதைக் கேட்டதும் ஒரு கணம் நின்றுவிட்டேன்.

பனிக்குருடு என்று வடநாட்டார் அஞ்சுவதும், 'கண்ணுல ஆர்க் அடிச்சிருச்சு' என்று நம் வெல்டர்கள் சொல்வதும் ஒரே காயம். புற ஊதாக் கதிரைக் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலம் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் மேல்தோல் செல்கள் அடிபடுகின்றன. ஆனால் அடிபட்ட நேரத்தில் வலி இருக்காது. செல்கள் செத்து உதிர ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் மாலையில் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர் நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் அலறி எழுகிறார். பனிவெளியில் நாள் முழுக்க நடந்தால் வரக்கூடிய கேட்டை, வெல்டிங் ஆர்க் பக்கத்தில் நின்றால் சில விநாடிகளிலேயே கொடுத்துவிடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும் என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவிழிப் படலம் ஆறலாம். ஆர்க்கின் நீல ஒளியும் அகச்சிவப்புக் கதிரும் அதைத் தாண்டி உள்ளே விழித்திரை வரை போகின்றன. அங்கே விழுந்த புண் எப்போதும் முழுதாக ஆறும் என்று சொல்ல முடியாது.

நான் டாலர்னாவுக்குப் போனதே காங்னெஃப் என்ற சிற்றூரைப் பார்க்கத்தான். லெக்சாண்டிலிருந்து ரயிலில் சிறிது நேரம் தெற்கே வர வேண்டும். பக்கத்திலேயே கிழக்கு, மேற்கு என இரண்டு டால் ஆறுகள் கூடி ஒரே ஆறாகின்றன. சிவப்புச் சாயம் பூசிய மர வீடுகள், பைன் காடு, மேலே பனி. அந்தச் சிவப்பு, பக்கத்து ஃபாலுன் நகரின் செப்புச் சுரங்கத்து மண்ணிலிருந்து வருவது. ஆயிரம் ஆண்டுக் காலம் வெட்டப்பட்டு 1992இல் மூடப்பட்ட சுரங்கம் அது. இந்தக் காங்னெஃபில் இருந்த ஹோர்னெல் என்ற நிறுவனம்தான் 1981இல் 'ஸ்பீட்கிளாஸ்' என்ற பெயரில், தானே கறுக்கும் வெல்டிங் கண்ணாடியை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2004இல் அமெரிக்காவின் திரீ-எம் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

சுவீடனுக்கும் வெல்டிங்குக்கும் உறவு அதைவிடப் பழையது. கப்பல்களையும் கொதிகலன்களையும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ஷெல்பெரி என்ற பொறியாளர், வெறும் கம்பியால் அடித்த வெல்டு உறுதியாக நிற்காததைக் கண்டு, கம்பியின்மேல் பூச்சுப் பூசிய ராடை உருவாக்கினார். 1904இல் கோத்தன்பர்கில் அவர் தொடங்கிய ஈசாப் நிறுவனத்துக்கு இன்று நம் அம்பத்தூரிலும் ஆலை இருக்கிறது. பூசிய ராடு வந்த பிறகுதான் கையால் அடிக்கும் ஆர்க் வெல்டிங் உலகெங்கும் பரவியது. அந்த ஒளியைப் பார்த்தே ஆக வேண்டிய கண்களும் கோடிக்கணக்கில் பெருகின.

காங்னெஃப் ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில், பனி தள்ளும் வண்டிகளின் இரும்பு அலகுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மூன்றே பேர். வெல்டிங் நடக்கும் மூலையைச் சுற்றி ஆரஞ்சு நிறத் திரை. அந்தப் பக்கம் நடந்துபோகிறவரின் கண்ணுக்காகத் தொங்கவிட்டது அது. அதைப் பார்த்ததுமே இவர்கள் நடப்பவரையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்கு இதமாக இருந்தது. மூத்தவர் தன் தலைக்கவசத்தை எனக்கு மாட்டிவிட்டு, "இப்போ பாருங்க" என்றார்.

பார்த்தேன். மூடிய கவசத்துக்குள் இருந்தபடியே பட்டறை முழுதும் தெரிந்தது. லேசான மாலை நேர மங்கல்தான். அலகில் இருந்த விரிசல், அதை நோக்கி வரும் ராடின் முனை, அவருடைய கையுறையின் தையல்கூடத் தெரிந்தது. ராடு தொட்டது. அவ்வளவுதான், பட்டறை மறைந்துவிட்டது. கறுப்பின் நடுவே உருகிய இரும்பின் சிறு குளம் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சுமாக நெளிந்தது. குளத்தின் விளிம்பு எப்படிக் கெட்டிப்படுகிறது, கசடு எப்படி ஒதுங்குகிறது என்று ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தது. பழைய கண்ணாடிகளில் எல்லாமே பச்சையாகத் தெரியும். இதில் நிறங்கள் நிறங்களாகவே இருந்தன. ராடு விலகியதும் சற்றுத் தாமதித்துப் பட்டறை திரும்பி வந்தது. உருகிய இரும்பு அணையும் வரை அந்தத் தாமதம் வேண்டும். அதைக்கூட விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். திகைப்பு அடங்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. கண் முன்னால் ஒரு சூரியன் எரிந்தது, எனக்குக் கூச்சமே தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை மறுநாள் உறைந்த ஏரியின்மேல் நின்று ஓரளவு விளங்கிக்கொண்டேன். அங்கே பலரும் அணிவது போலராய்டு கண்ணாடி. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது. அப்படி இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒன்றை மெல்லத் திருப்பினால், குறுக்காக வந்ததும் அவ்வளவு பனிவெளிச்சமும் இருண்டுபோகிறது. வெல்டிங் கண்ணாடிக்குள்ளும் இதே போலராய்டுத் தகடுகள் உண்டு. அவற்றுக்கு நடுவே கால்குலேட்டர் திரைகளில் இருக்கும் அதே திரவப் படிகம். சாதாரணமாக இருக்கும்போது அந்தப் படிகத்தின் மூலக்கூறுகள் சுழல் படிக்கட்டுப்போல அடுக்கி நின்று, வரும் ஒளியின் திசையைத் திருப்பி அடுத்த தகட்டின் வழியே கடத்திவிடுகின்றன. மின்னழுத்தம் பட்டதும் அந்த அடுக்கு குலைகிறது, ஒளி சிக்கிக்கொள்கிறது, கண்ணாடி கறுக்கிறது. ஆர்க் பற்றியதைக் கவசத்தின் நெற்றியில் உள்ள ஒளி உணரிகள் கண்டு சொல்கின்றன. ஒரு குழாயோ கையோ ஓர் உணரியை மறைத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று மூன்று நான்கு உணரிகள் வைப்பார்கள். நல்ல கண்ணாடி கறுக்க எடுக்கும் நேரம் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மனிதன் இமைக்க அதைவிட ஆயிரம் மடங்கு நேரம் ஆகும்.

இதைவிட முக்கியமானது கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருக்கிறது. புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் அடுக்கு எப்போதும் அங்கேயே நிற்கிறது. பேட்டரி தீர்ந்தாலும், உணரி தவறினாலும், கண் கூசுமே தவிர, காயம்படுத்தும் அந்தக் கதிர்கள் உள்ளே வர வழியில்லை. இந்த ஏற்பாட்டை நினைத்தவரின் அறிவு எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. நொடியில் மாறும் பொருளை நம்பி உயிரான உறுப்பை விடாமல், மாறாத ஒன்றை முன்னால் காவல் நிறுத்தியிருக்கிறார்.

குறை இல்லாமலும் இல்லை. குளிரில் திரவப் படிகம் மந்தமாகிவிடும். பொதுவாக மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பார்கள். இரவில் அதைவிட எவ்வளவோ கீழே இறங்கும் ஊர் இது. அதனால் பட்டறைக்காரர்கள் கவசத்தை வண்டியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கையோடு எடுத்துப்போய், காலையில் சூடான அறையிலிருந்து கொண்டுவருகிறார்கள்.

திரும்பும் வழியில் உப்சாலாவில் இறங்கினேன். 1911இல் மருத்துவ நோபல் பெற்ற ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் கண் மருத்துவம் கற்பித்த பல்கலைக்கழக நகரம் அது. கண்ணுக்குள் ஒளி எப்படி வளைகிறது என்று கணக்கிட்டுச் சொன்னவர் அவர். இன்று எந்தக் கண் மருத்துவமனைக்குப் போனாலும் முகவாயை வைத்து நெற்றியைச் சாய்க்கச் சொல்கிறார்களே, அந்தப் பிளவு விளக்குக் கருவிக்கும் அவரே மூலவர். ஆர்க் அடித்த கண்ணில் ஒரு சொட்டுச் சாயம் விட்டு, அந்தக் கருவியின் நீல வெளிச்சத்தில் பார்த்தால், செல் உதிர்ந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். விழித்திரையில் புண் உண்டா என்று பார்க்க இப்போது ஓசிடி ஸ்கேன் வந்துவிட்டது. கண்ணைத் தொடாமலே, ஒளியாலேயே விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமாக்கிவிடும். வெல்டராக இருப்பவர் பார்வையில் குறை தெரியும் வரை காத்திராமல் இந்தச் சோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

விலை உயர்ந்த கவசம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது, உண்மை. ஆனால் நம் பட்டறைகளில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டான 'டேக்' அடிக்கிறார்களே, அதை மட்டுமாவது நிறுத்த வேண்டும். வெல்டிங் கண்ணாடிக்கு எண் உண்டு. 3ஆம் எண், சாதாரண கூலிங் கிளாஸ்போல, வரும் வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும். 11ஆம் எண் விடுவது ஏறத்தாழ 19,000இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே 2,700 மடங்கு வித்தியாசம். கையால் ராடு அடிக்கும் வேலைக்குப் பொதுவாக 10 அல்லது 11 வேண்டும். அந்த எண் பொறித்த பழைய கறுப்புக் கண்ணாடிக்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், விலையும் குறைவு. கண்ணில் ஆர்க் அடித்துவிட்டால் தாய்ப்பாலும் உருளைக்கிழங்குத் துண்டும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். வலியை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டால் புண் ஆறாது, பார்வைக்கே ஆபத்து.

உங்கள் வீட்டுக் கேட்டுக்கோ மாடிக் கைப்பிடிக்கோ வெல்டிங் வேலை நடக்கும்போது, ராடு தொடும் முன் வெல்டர் கையில் இருக்கும் கண்ணாடியின் எண்ணைக் கேளுங்கள். பிடித்துக்கொள்ள நிற்கும் உதவிப் பையனுக்கும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலைக்கூலியோடு சேர்த்து அதையும் வாங்கிக் கொடுங்கள்.