சா யென்

தாய்லாந்துக்காரர்கள் தங்கள் ஐஸ் டீயைச் 'சா யென்' என்கிறார்கள். சா என்றால் தேநீர், யென் என்றால் குளிர்ந்தது. பாங்காக்கில் தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு, வெயிலுக்கு இதமாக நான் முதலில் குடித்தது இதைத்தான். நம் டீக்கடை போலவே துணி வடிகட்டியில் இறக்கினார்கள். அந்த ஆரஞ்சு நிறம் டீத்தூளில் கலந்திருக்கும் சாயம்.

வீட்டில் செய்வது சுலபம். நான்கு மேசைக்கரண்டி தாய் டீத்தூளில் 400 மில்லி கொதிநீர் ஊற்றி, 5 நிமிடம் மூடி வைத்து வடிகட்ட வேண்டும். ஐஸ் கரைந்தால் நீர்த்துப்போகும் என்பதால் டிகாஷன் கெட்டியாகவே இருக்கட்டும். சூட்டிலேயே சர்க்கரையும் மில்க்மெய்டும் கலந்து, தம்ளர் நிறைய ஐஸ் போட்டு ஊற்ற வேண்டும். மேலே அவர்கள் விடுவது டின்னில் வரும் சுண்டிய பால். நான் வீட்டுப் பாலையே பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து விடுகிறேன். ஆரஞ்சுக்குள் வெள்ளை மெதுவாக இறங்குவதைப் பார்ப்பதே ஒரு அழகு.

சிக்கல் இனிப்புதான். எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய். இனிப்பே இல்லாமல் செய்து பார்த்தோம். துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. "இதைக் குடிக்கிறதுக்கு மோரே தேவலை. குடிச்சா ஒழுங்கா குடிங்க, கொஞ்சமா குடிங்க" என்றாள் மனைவி.

இப்போது சர்க்கரை கிடையாது, இரண்டு ஸ்பூன் மில்க்மெய்ட் மட்டும். மாதம் ஒருமுறை, ஒரே தம்ளர், ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியை அரைமணி நேரம் குடிக்கிறோம்.